காற்றுக்கு விலை தெரியாது: பந்தய மிதிவண்டியின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

1989ஆம் ஆண்டு ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் இறுதி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸின் ஷான்ஸ் எலிசே வரை 24.5 கிலோமீட்டர் தூரத்தை ஒவ்வொரு வீரரும் தனித்தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டவேண்டும். பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். அவரைத் துரத்தியவர் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட். அவ்வளவு குறுகிய தூரத்தில் 50 வினாடியை மீட்பது நடவாத காரியம் என்றே பலரும் எண்ணினர். மாலையில் கணக்குப் பார்த்தபோது லெமாண்ட் அந்த ஓட்டத்தில் மட்டும் 58 வினாடி மிச்சப்படுத்தியிருந்தார். மூன்று வாரம், 3,285 கிலோமீட்டர் ஓடிய பந்தயம் 8 வினாடியில் முடிவாயிற்று. அப்பந்தயத்தின் வரலாற்றில் அதைவிடக் குறைந்த இடைவெளி இன்றுவரை பதிவாகவில்லை.

அன்று லெமாண்டின் வண்டியில் புதிதாக இருந்தது கைப்பிடியின் நடுவிலிருந்து முன்னோக்கி நீண்ட, வளைந்த ஒரு குழாய். முழங்கைகளை நெருக்கிவைத்து, கைகளை முன்னே நீட்டி, மார்பைத் தாழ்த்தி ஓட்ட அது வழிசெய்தது. பனிச்சறுக்குப் பயிற்றுநராக இருந்த பூன் லெனன் என்பவர் வடிவமைத்தது அது. மலைச்சரிவில் இறங்கும் சறுக்கு வீரரின் உடல் நிலையே அதற்கு முன்மாதிரி. மூவகைப் போட்டி வீரர்கள் அதை முன்பே பயன்படுத்தி வந்தனர். ஐரோப்பியச் சாலைப் பந்தய உலகம் பொருட்படுத்தவில்லை. ஃபின்யோனோ முன்னும் பின்னும் மூடிய வட்டுச் சக்கரங்கள் பூட்டிய வண்டியில், தலைக்கவசம் இன்றி, குதிரைவால் முடி காற்றில் பறக்க ஓட்டினார். சேணப்புண்ணால் அவர் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லியாகவேண்டும். 8 வினாடிக்கும் ஒரு குழாயே காரணம் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. ஆனால் அன்றைய இரு வண்டிகளில் விலைமிகுந்த சக்கரங்கள் எதில் இருந்தன, மலிவான குழாய் எதில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

“கட்டுப்படியாகும் விலையில் ஏரோ ரோடு பைக்” என்று இன்று கடைகளிலும் விமரிசனக் காணொளிகளிலும் பேசப்படும் பொருளை எடைபோட விரும்புவோர் இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. காற்றை வெல்லும் முயற்சிகளில் மலிவானவை எவை, விலைமிகுந்தவை எவை, இவற்றில் எவை அனுமதிக்கப்பட்டன, எவை தடுக்கப்பட்டன என்பதே இதன் வரலாறு.

மிதிவண்டி ஓட்டுபவரின் முதன்மைப் பகை காற்று என்பது தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது. 1893இல் ஆன்றி தெக்ராஞ்சு ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி அப்பிரிவின் முதல் சாதனையைப் பதித்தார். பத்தாண்டு கழித்து டூர் டி பிரான்ஸைத் தொடங்கியவரும் இவரே. முதல் உலகப் போருக்குச் சற்று முன் பிரான்சில் எத்தியேன் புனோ-வரியா வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்து மூடும் மீன்வடிவ உறையை உருவாக்கினார். 1914இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் இத்தகைய உறைகளைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. அது உடம்புக்கு வெளியே பூட்டப்பட்ட கருவி. அதை விலக்கியதில் ஒரு நியாயம் உண்டு. அடுத்து நடந்தது வேறு வகை.

ஷார்ல் மொஷே என்பவர் பாரிஸ் அருகே சிறு வாகனங்கள் செய்துவந்தவர். தம் மகனுக்காக அவர் செய்த நாலுசக்கர மிதிவண்டி, பிறகு இருவர் அமர்ந்து மிதிக்கும் ‘வெலோகார்’ ஆக வளர்ந்தது. மோட்டார் வண்டி வாங்க இயலாத குடும்பங்கள் அதை வாங்கின. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது அதன் தேவை மேலும் கூடிற்று. அந்த வண்டியை நெடுக்காக இரண்டாகப் பிளந்தாற்போல் ஒரு இருசக்கர வண்டியையும் மொஷே செய்தார். ஓட்டுபவர் சாய்ந்து அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிப்பார். உறை ஒன்றும் இல்லை. விசித்திரமான உலோகமும் இல்லை. உட்காரும் முறை மட்டுமே மாறியிருந்தது.

1933 ஜூலை 7 அன்று பிரான்சிஸ் ஃபோர் அந்த வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் எக் 1914இல் வைத்திருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை 19 ஆண்டுகளுக்குப் பின் வீழ்ந்தது. ஃபோர் அக்காலத்து முதல்வரிசை வீரர் அல்லர். இரண்டாம் வரிசைக்காரர் ஒருவர் உட்காரும் விதத்தை மாற்றிக்கொண்டு பெரும்புள்ளிகளை முந்தியதே பலரையும் உறுத்தியது. மறு மாதமே மொரீஸ் ரிஷார் வழக்கமான வண்டியில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். எந்த எண்ணைச் சாதனையாக ஏற்பது? 1934இல் ஒன்றியம் மிதிவண்டி என்றால் என்ன என்று இலக்கணம் வகுத்தது. மிதிகட்டையின் அச்சு சேணத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கலாம், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்ற அளவுகள் அதில் இடம்பெற்றன. அந்த அளவுகளுக்குள் மொஷேயின் வண்டி அடங்கவில்லை. ரிஷாரின் எண் நிலைத்தது. அதே ஆண்டில் மொஷே காலமானார்.

இலக்கணம் ஒன்று எழுதப்பட்டுவிட்டால் அதற்குள் எழும் போட்டி வேறு திசையில் பாயும். உட்காரும் முறையைத் தொட முடியாதபோது எடையைக் குறைக்கும் வேட்கை பிறந்தது. 1972இல் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரின் உயர்ந்த, காற்றடர்த்தி குறைந்த இடத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அவருக்காகக் கொல்நாகோ செய்த வண்டி 5.75 கிலோ. கைப்பிடியிலும் சங்கிலியிலும் துளையிட்டு எடை குறைத்த காலம் அது. சமதளத் திடலில் ஒரே வேகத்தில் ஓடுபவருக்கு ஒரு கிலோ குறைவதால் கிடைக்கும் பயன் அற்பம். ஆயினும் அடுத்த முப்பதாண்டு மிதிவண்டி விற்பனையில் விலையை நிர்ணயித்தது பெரிதும் அந்தக் கிலோவே.

காற்றின் பக்கம் கவனம் திரும்பியது 1970களின் இறுதியில். கலிபோர்னியப் பேராசிரியர் செஸ்டர் கைல் முதலியோர் அளந்து பார்த்து, தடையின் பெரும்பகுதி ஓட்டுபவரின் உடலால் வருவது, வண்டியின் பங்கு அதில் சிறுபகுதியே என்று காட்டினர். 1984இல் பிரான்செஸ்கோ மோசர் வட்டுச் சக்கரங்களோடு மெக்சிகோவில் 51.151 கிலோமீட்டர் எட்டினார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி, 1912க்குப் பிறகு ஒரு பதக்கமும் காணாத அணி, விசித்திர வடிவ வண்டிகளோடு வந்து 9 பதக்கம் வென்றது. (அவ்வணியினர் சிலருக்கு இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி பின்னர் வெளியாயிற்று. வண்டியின் புகழை எழுதுவோர் பெரும்பாலும் அதை விட்டுவிடுகின்றனர்.)

இந்த வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சி 1993இல் நடந்தது. ஸ்காட்லாந்தில் மிதிவண்டிக் கடை நடத்தி நொடித்துப்போன 27 வயது கிரேம் ஓப்ரி, மணிநேரச் சாதனையை முறியடிக்கத் தம் கையாலேயே ஒரு வண்டி கட்டினார். கால்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி மிதிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குக் குறுகிய அச்சு தேவைப்பட்டது. சலவை இயந்திரத்திலிருந்து பேரிங்குகளைக் கழற்றி அதில் பொருத்தினார். முழங்கால் இடிக்கக்கூடாது என்பதற்காகச் சட்டகத்தின் மேற்குழாயையே நீக்கினார். கைகளை மடக்கி மார்புக்கு அடியில் வைத்து, நெஞ்சைக் கைப்பிடியின் மேல் சாய்த்துக்கொண்டு ஓட்டினார். முன்னோக்கி வரும் காற்றுக்குக் கைகளே தெரியாத நிலை அது.

ஜூலை 16 அன்று நார்வேயின் ஹாமர் நகரில் முதல் முயற்சி. அவருடைய வண்டியைப் பார்த்துத் தொழில்முறையில் செய்யப்பட்ட புது நகலில் ஓட்டினார், தோற்றார். திடல் மறுநாள் காலை வரை அவர் வசம் இருந்தது. இரவில் உடல் விறைத்துவிடாதிருக்க நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி எழுந்து, தசைகளை நீட்டிவிட்டுப் படுத்தார் என்று அவரே கூறியிருக்கிறார். காலையில் தம் பழைய வண்டியையே எடுத்தார். 51.596 கிலோமீட்டர். ஒன்பது ஆண்டுகள் நின்ற மோசரின் எண் வீழ்ந்தது. ஆறு நாள் கழித்து ஜூலை 23 அன்று பிரான்சின் போர்தோ நகரில் கிறிஸ் போர்டுமன் 52.270 கிலோமீட்டர் ஓட்டி அதையும் கடந்தார். போர்டுமன் முந்திய ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது லோட்டஸ் நிறுவனம் மைக் பர்ரோஸின் வடிவமைப்பைக்கொண்டு செய்த கார்பன் இழை வண்டியில். மோட்டார்ப் பந்தய நிறுவனத்தின் காற்றுச் சுரங்கமும் சலவை இயந்திரப் பேரிங்கும் ஒரே வேகத்தருகே வந்து நின்ற காலம் அது.

ஓப்ரி 1994 ஏப்ரலில் 52.713 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனையை மீட்டார். அதே ஆண்டு பலெர்மோ உலகப் போட்டியில், போட்டிக்குச் சற்று முன்னதாக அவருடைய உடல்நிலை விதிக்குப் புறம்பானதாக அறிவிக்கப்பட்டது. அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். கைகளை மடக்கக்கூடாதெனில் நீட்டலாமே என்று அவர் வேறொரு நிலையைக் கண்டார். பறப்பவரைப்போல் இரு கைகளையும் முழுதும் முன்னே நீட்டிய அந்நிலையில் 1995 உலகப் பட்டத்தை வென்றார். 1996இல் போர்டுமன் அந்நிலையைக் கைக்கொண்டு 56.375 கிலோமீட்டர் எட்டினார். அதுவும் தடைசெய்யப்பட்டது.

1996 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஒன்றியம் ஒரு சாசனம் வெளியிட்டது. செலவு எல்லை மீறுவது, இரகசியமாகத் தயாராகும் சிறப்பு வண்டிகள், எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு இல்லாமற்போவது ஆகிய கவலைகள் அதில் பேசப்பட்டன. எந்திரத்தைவிட மனிதரே முதன்மை என்றது சாசனம். கவலைகள் உண்மையானவை. 2000 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் சட்டகம் முக்கோண வடிவில் அமையவேண்டும் என்றன. குழாயின் நீளவாட்டு அளவு அகலத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது, வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்றும் வரையறுத்தன. லோட்டஸ் வண்டி போயிற்று. அதனோடு ஓப்ரியின் இரண்டு உடல்நிலைகளும் போயின. ஏற்றத்தாழ்வைத் தடுக்க எழுதப்பட்ட விதி, செலவே இல்லாத கண்டுபிடிப்பையும் விலைமிக்க கண்டுபிடிப்பையும் ஒரே கோடாரியால் வெட்டியது. இரண்டில் எது துளிர்த்தது? குழாயின் வடிவம். மூன்று மடங்கு என்ற எல்லைக்குள் எவ்வளவு நுட்பம் செய்யலாம் என்று நிறுவனங்கள் பொறியாளர்களை அமர்த்தின. 2021 அளவில் அந்த எல்லையும் தளர்த்தப்பட்டது. உடல்நிலை மீதான கட்டுப்பாடோ நீடிக்கிறது.

உடல்நிலைக்கும் கருவிக்கும் சேர்த்து எவ்வளவு மதிப்பு என்பதற்கு அறியாமலே ஒரு சோதனையும் நடந்தது. மெர்க்ஸ் காலத்து வண்டியில் ஓட்டினால்தான் சாதனை என்று ஒன்றியம் விதித்தபின், 2000 அக்டோபரில் மான்செஸ்டரில் போர்டுமன் அப்படியே ஓட்டினார். கிடைத்தது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிட 10 மீட்டர் அதிகம்; நான்கு ஆண்டுக்கு முன் அவரே ஓட்டியதைவிட 6.934 கிலோமீட்டர் குறைவு. வயது கொஞ்சம் கூடியிருந்தது உண்மையே. ஏழு கிலோமீட்டரை வயது மட்டும் தின்றுவிடவில்லை.

இனி விலை. அதன் கதை ஐரோப்பாவில் மட்டும் நடக்கவில்லை. தைவானில் 1972இல் கிங் லியூ தொடங்கிய ஜயண்ட் நிறுவனம் முதலில் அமெரிக்க ஷ்வின் முதலியோருக்கு வண்டி செய்துகொடுத்தது. பிறகு தன் பெயரிலேயே உலகச் சந்தையில் நின்றது. லோட்டஸ் வண்டியின் மூலவர் மைக் பர்ரோஸ் 1990களில் அங்கே பணியாற்றி, மேற்குழாய் பின்னோக்கிச் சரியும் சட்டகத்தை உருவாக்கினார். சேணக்கம்பத்தையும் கைப்பிடித் தண்டையும் மாற்றிப் பொருத்தினால், பத்து அளவு சட்டகம் செய்யவேண்டிய இடத்தில் சில அளவுகளே போதும். அச்சு வார்ப்புக்கும் கிடங்குக்கும் ஆகும் செலவு குறைந்தது. ஒலிம்பிக்கிற்கென ஒற்றை வண்டி வடித்த கை, பல்லாயிரம் பேருக்கான வண்டியை மலிவாக்கவும் பயன்பட்டது.

ஏரோ சாலை வண்டி என்ற வகையை நிலைநிறுத்தியது கனடாவின் செர்வெலோ. மாண்ட்ரியலில் பொறியியல் மாணவர்களாக இருந்த ஜெரார்ட் வ்ரூமனும் பில் வைட்டும் 1995இல் தொடங்கியது. 2003இல் சிஎஸ்சி அணி அதன் வண்டிகளில் ஓடத் தொடங்கியபோது பேசப்பட்ட ‘சோலோயிஸ்ட்’ கார்பன் இழையால் ஆனது அன்று, அலுமினியம். துளி வடிவக் குழாயை உலோகத்திலும் உருவாக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இங்கேதான் கட்டுப்படியாகும் ஏரோ வண்டிக்குச் சாதகமான வலுவான வாதம் இருக்கிறது. எடை குறைப்பது விலையேறிய காரியம். உயர்தர இழையும் கூடுதல் கைவேலையும் வேண்டும். வடிவம் அப்படியன்று. ஒரு நிறுவனம் தன் உச்சவிலை வண்டிக்கு வகுத்த வடிவத்தையே ஓரிரு ஆண்டில் தாழ்ந்த தர இழையில் வார்த்துக் குறைந்த விலைக்கு விற்கிறது. சில நூறு கிராம் கூடும். அந்தச் சட்டகத்தைத் தழுவிச் செல்லும் காற்று இழையின் தரத்தை விசாரிப்பதில்லை. கிடங்குக்கடைச் சங்கிலியாக அறியப்பட்ட டெகாத்லான் 2024இல் பிரெஞ்சு அணியொன்றின் பெயரில் இடம்பெற்று, தன் வான் ரைசல் வண்டிகளை டூர் டி பிரான்ஸ் சாலையில் ஓடவிட்டதும் இந்த மாற்றத்தின் அடையாளமே.

எதிர்வாதமும் கணக்கில்தான் இருக்கிறது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. நல்ல ஏரோ சட்டகம் ஓட்டுபவரின் தடைப்பரப்பில் 0.01 சதுர மீட்டரைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் அது 16 வாட் சேமிப்பு; 40இல் சுமார் 8 வாட்; 25இல் 2 வாட். கைகளை மடக்கி முதுகைத் தாழ்த்தினால் 0.05 சதுர மீட்டர் குறையும் என்றால், 40 கிலோமீட்டரில் 41 வாட், 25இலும் 10 வாட். முதுகு தாழ்த்துவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் வளையும் இடுப்பும் மாதக்கணக்கான பயிற்சியும் வேண்டும். உடலோடு ஒட்டிய சட்டை, நல்ல டயர், தகுந்த உயரத்தில் கைப்பிடி ஆகியவை அடுத்த வரிசை. சட்டகம் அவற்றுக்கும் பின்னால். குறைந்த விலை ஏரோ வண்டியில் பெரும்பாலும் கஞ்சத்தனம் செய்யப்படும் இடம் சக்கரமும் டயரும். அதை அறியாமல் குழாயின் வடிவத்தை மட்டும் பார்த்து வாங்குபவர், காற்றில் சேமித்ததைச் சாலையில் இழப்பார்.

இந்தியாவில் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனம் 1928இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. 1935இல் அது வெளியிட்ட 531 என்னும் எஃகுக் குழாயில் பல பத்தாண்டுகள் ஐரோப்பிய வெற்றியாளர்கள் ஓடினர். அதே குழுமம் முருகப்பா குடும்பத்தாருடன் கூடி 1949இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஆலை அம்பத்தூரில் அமைந்தது. அங்கிருந்து வந்தவை நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஹெர்குலிஸ் வண்டிகள். பால்கேனும் நெல்மூட்டையும் இரண்டு பிள்ளைகளும் ஏறும் வண்டிக்கு 531 தேவைப்படவில்லை. ஒரே தாய் நிறுவனத்தின் ஒரு கை பந்தயத்துக்கும் மறு கை பாரத்துக்கும் வேலை செய்தது. பந்தய வண்டி என்பது இந்நாட்டில் நெடுங்காலம் இறக்குமதிப் பொருளாகவே நின்றது. மேலைநாட்டு விமரிசகர் ‘மலிவு’ என்று எழுதும் விலை இங்கே பலருக்குப் பல மாதச் சம்பளம்.

வாங்கிய பின்பும் செலவு நிற்பதில்லை. காற்றில் படாதிருக்கப் பிரேக் குழாய்களையும் கம்பிகளையும் கைப்பிடிக்குள்ளும் தலைக்குழாய்க்குள்ளும் செலுத்துவது இன்றைய வழக்கம். அதனால் மிச்சமாகும் வாட்டுகள் மிகச் சில. தலைக்குழாயின் மேல் பேரிங் மழைநீர் பட்டுத் துருப்பிடித்தால், வெளியே குழாய் ஓடும் வண்டியில் தெருமுனைப் பழுதுகடைக்காரர் அதைச் சிறிது நேரத்தில் மாற்றிவிடுவார். உள்ளே குழாய் ஓடும் வண்டிகள் பலவற்றில் முதலில் ஹைட்ராலிக் பிரேக் குழாயைப் பிரித்து, எண்ணெயை வடித்து, மாற்றியபின் மீண்டும் காற்றுக்குமிழி நீக்கி நிரப்பவேண்டும். அந்த வேலைக்கான கருவிகள் பெருநகரங்களின் சில கடைகளிலேயே உண்டு. சிறு ஊரில் இருப்பவர் வண்டியைப் பிரித்துப் பெட்டியில் கட்டிப் பேருந்தில் அனுப்புகிறார்.